மரம் விழுந்து கிடக்கும் ஓடையில்தான் மீன் வாழும்

அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநில மலைக்காடுகளில், 1950-களிலிருந்து 1970-கள் வரை ஓடைகளில் விழுந்து கிடந்த மரங்களை அரசுத் துறைகள் முனைந்து அகற்றின. முட்டையிடக் கடலிலிருந்து ஏறிவரும் சால்மன் மீன்களை அவை மறிக்கின்றன என்று நம்பினார்கள். நோக்கம் நல்லதுதான். கெட்டது ஓடை.

மலையோடையின் வடிவத்தைச் சரிவுதான் முதலில் தீர்மானிக்கிறது. செங்குத்தான மேல்பகுதியில் பாறைகளும் மரங்களும் படிக்கட்டாக அடுக்கிக்கொள்ள, ஒவ்வொரு படியிலிருந்தும் விழும் நீர் கீழே ஒரு மடுவைக் குடைகிறது. சரிவு தணிந்த இடத்தில் மடுவும், கற்கள்மேல் சலசலக்கும் ஆழமற்ற நீரும் மாறிமாறி வரும். டேவிட் மாண்ட்கோமரியும் ஜான் பஃபிங்டனும் 1997-இல் வெளியிட்ட வகைப்பாடு இந்த வடிவங்களைப் பிரித்துக் காட்டுகிறது.

மீனுக்கு ஆழமும் வேண்டும், ஆழமின்மையும் வேண்டும். பெண் சால்மன் வாலால் சரளையைக் கிளறிக் குழி பறித்து முட்டையிட்டு, மறுபடி சரளையாலேயே மூடிவிடும். கல்லிடுக்குகளில் ஊடுருவும் நீர்தான் முட்டைகளுக்கு ஆக்சிஜன் தருகிறது. இடுக்குகளை வண்டல் அடைத்தால் முட்டைகள் உள்ளேயே மடியும். பொரித்து வெளிவரும் கோஹோ சால்மன் குஞ்சுகள் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் ஓடையிலேயே வளர்கின்றன. வேகமான நீரை எதிர்த்தே நின்றால், தின்பது நீந்துவதற்கே போதாது. ஆகவே வேகநீருக்குப் பக்கத்தில் மெல்லோட்டத்தில் நின்று, அடித்துவரும் பூச்சிகளைப் பிடிக்கின்றன. கோடையில் குளிர்ந்த மடுவும், குளிர்கால வெள்ளத்தில் ஒதுங்க மரத்தடியும் கிளையோடையும் அவற்றுக்குத் தேவை.

இத்தனையையும் உண்டாக்குவதில் விழுந்த மரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு பெரிய அடிமரம் நீரைத் திருப்பி மடுவைக் குடைய வைக்கிறது. தனக்கு மேற்புறம் சரளையைத் தேக்குகிறது. அதை எடுத்தால் வெள்ளம் சரளையை வாரிக்கொண்டு போய்விடும். பல இடங்களில் வெறும் பாறைதான் மிஞ்சியது. அதற்கு முன்பே வேறொரு கேடும் நடந்திருந்தது. வெட்டிய மரங்களை மிதக்கவிட்டுக் கொண்டுசெல்ல, ஓடைகளில் தற்காலிக அணை கட்டி நீரைத் தேக்கி ஒரேயடியாகத் திறந்துவிட்டார்கள். அந்தப் பாய்ச்சல் படுகையையே சுரண்டியது.

இன்று அதே ஓடைகளில் கனரக இயந்திரங்களையும் ஹெலிகாப்டர்களையும் கொண்டு மரங்களைத் திரும்பப் போடுகிறார்கள். அவசியமான வேலைதான். ஆனால் போட்ட மரம் ஒருநாள் மக்கும். கரையில் முதிர்ந்த காடு இருந்தால்தான் அடுத்த மரம் விழும். அப்பகுதியின் கூட்டாட்சி அரசு வனங்களுக்காக 1994-இல் வந்த திட்டம், மீன் வாழும் ஓடைகளின் இரு கரையிலும் குறைந்தது 300 அடி அகலத்துக்குக் காட்டை ஒதுக்கி வைத்தது. மரங்களைத் திரும்பப் போடும் எல்லா முயற்சிகளையும்விட அந்த முடிவே பெரிது.