கெண்டைக்காலில் ஓர் அடிபம்பு

தண்டையார்பேட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, எக்ஸ்ரேயும் நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரமே மறுபடி ஆஸ்பத்திரி. எங்கே தவறு?”

எலும்பில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. இடுப்பு முறிந்த முதியவர்களைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் நிமோனியா, சிறுநீர்த் தொற்று, காலில் ரத்தக்கட்டி, இன்னொரு விழுதல். எல்லாவற்றுக்கும் படுக்கையே துணைபோகிறது.

எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் இறங்கிவிடும். அதை மேலே அனுப்ப இதயம் மட்டும் போதாது, கெண்டைக்கால் சதையும் உழைக்க வேண்டும். ராயபுரம் சந்துகளில் மெட்ரோ வாட்டர் அடிக்கும் பம்பை நினைத்துப் பாருங்கள். சதை சுருங்கும்போது உள்ளே ஓடும் நாளம் பிழியப்பட்டு ரத்தம் ஏறுகிறது. தளரும்போது அது திரும்ப இறங்காதபடி நாளத்திலுள்ள வால்வு தடுக்கிறது; பம்பில் வாஷர் பார்க்கும் அதே வேலை. பத்து நாள் யாரும் அடிக்காத பம்பில் வாஷர் காய்ந்து போகும், முதல் அடிகளில் வெறும் காற்றுதான் வரும், மேலே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால்தான் பிடிக்கும். காலிலும் அதுவே நடக்கிறது. சதை மெலிகிறது, தேங்கிய ரத்தம் உறைகிறது. ஊற்ற வேண்டிய செம்புத் தண்ணீரும் இருப்பதில்லை: கழிப்பறைக்குக் கூட்டிப்போகச் சொல்லக் கூச்சப்பட்டு எத்தனையோ பாட்டிகள் தண்ணீரே குடிப்பதில்லை. ராத்திரி எழுந்ததும் ரத்த அழுத்தம் சரிகிறது, கண் இருட்டுகிறது, மறுபடி விழுகிறார்கள். உடம்பு தேறியிருந்த காலத்தில் எழுதிய பிரஷர் மாத்திரையை அதே அளவில் விழுங்கினால் ஆபத்து இன்னும் கூடும்.

2007இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிற்று. அவர்களுக்கு எலும்பு முறியவே இல்லை.

எலும்போடு முழு உடம்பையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல: 1960களிலேயே இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் மைக்கேல் டேவஸ் என்ற எலும்பு நிபுணர் முதியோர் மருத்துவரோடு சேர்ந்து வார்டு நடத்தினார். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் வி.எஸ்.நடராஜன் முதியோர் பிரிவைத் தொடங்கினார்.

‘ஒரே டோஸில் எலும்பு இரும்பாகும்’ என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 70 வயது கடந்த 2,256 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் வைட்டமின் டி விழுங்கியவர்கள் மற்றவர்களைவிட அதிகம் விழுந்தார்கள், அதிகம் முறித்துக்கொண்டார்கள். முறிவுக்குப் பின் டாக்டர் எழுதும் ஜோலெட்ரானிக் அமில ஊசி வேறு விஷயம். அது புதிய முறிவுகளை 35 சதவீதம் குறைத்ததற்குச் சான்று உண்டு. ஆனாலும் எந்த ஊசியும் கெண்டைக்காலை அடித்துத் தராது.

ஆபரேஷனுக்கு மறுநாளே டாக்டர் அனுமதியோடு உட்கார வைத்து, நிற்க வைக்க வேண்டும். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். புண்ணில் சீழ் வைக்கும் என்று மீனையும் முட்டையையும் நிறுத்திவிட்டுக் கஞ்சி மட்டும் கொடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். காசிமேடு மீன் சந்தைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு புரதமில்லாமல் ஒரு கால் மெலிவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆகஸ்ட் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டு வாங்குமுன் படுத்தபடி ஒருமுறை, நின்ற மூன்று நிமிடத்துக்குள் இன்னொருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 குறைந்தால் மாத்திரைச் சீட்டை டாக்டர் திரும்பப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.