பிரான்ஸின் மஞ்சள் ஒயினில் நம்ம வெந்தய வாசம்... தெரியுமா?

பீப்பாயில் நாலு விரல் காலி இடம் விழுந்தாலே ஒயின் செய்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். காற்றுப் பட்டால் ஒயின் வினிகராகிவிடுமே! அதனால் குறையக் குறைய ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் பிரான்ஸின் கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜுரா மலைப்பகுதியில் ஒரு சொட்டுகூட நிரப்பாமல் ஆறு வருஷத்துக்கு மேல் அப்படியே விட்டுவிடுகிறார்கள், தெரியுமா? அதுதான் 'வான் ஜோன்'. மஞ்சள் ஒயின் என்று அர்த்தம்.

கெட்டுப் போகாதா? அங்கேதான் அதிசயம்! காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல, ஒயினின் மேல் ஈஸ்ட் ஒரு மெல்லிய திரையாகப் படர்கிறது. காற்றை அது மொத்தமாகத் தடுப்பதில்லை; கொஞ்சம் கொஞ்சமாக அளந்து உள்ளே விடுகிறது. அந்த அளவில்தான் ருசியே இருக்கிறது. 'சவாஞான்' என்ற ஒரே ரக வெள்ளைத் திராட்சைதான் இதற்கு ஆகும். அறுவடைக்குப் பின் வரும் ஆறாவது ஆண்டு டிசம்பர் 15 வரை பாட்டிலில் அடைக்கக் கூடாது என்பது சட்டம்!

பாட்டிலும் விநோதம்தான். மற்ற ஒயின்கள் வழக்கமாக 750 மில்லி பாட்டிலில் வர, இது மட்டும் 'கிளாவ்லான்' என்ற குட்டையான, தோள் அகன்ற 620 மில்லி பாட்டிலில் வருகிறது. ஏன் 620? ஒரு லிட்டர் ஊற்றி வைத்தால் அத்தனை வருஷம் கழித்து மிஞ்சுவது அவ்வளவுதானாம். ஆவியாகிப் போனது? 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள் பிரெஞ்சுக்காரர்கள். குடித்தே தீர்த்திருக்கின்றன தேவதைகள்!

ஷாத்தோ ஷலோன் என்ற மலையுச்சிக் கிராமத்தின் வான் ஜோனுக்குத் தனி மவுசு. ரோஷமும் அதிகம். திராட்சை சரியில்லை என்று 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் ஊர்ப் பெயரில் ஒரு பாட்டில்கூட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பக்கத்து ஆர்புவா ஊரில் வளர்ந்தவர் யார் தெரியுமா? லூயி பாஸ்டர்! 1878-ல் அங்கே தன் திராட்சைக் கொடிகளுக்குக் கண்ணாடிக் கூண்டு கட்டி, நொதிக்க வைக்கும் ஈஸ்ட் வெளியிலிருந்துதான் வருகிறது என்று சோதித்துக் காட்டினார்.

ஆயுசைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள். 1774-ஆம் வருஷத்து ஒயினில் ஒரு பாட்டிலை 1994-ல் திறந்து 24 நிபுணர்கள் சுவைத்தார்கள். பத்துக்கு 9.4 மதிப்பெண்! அதே ஒயினின் இன்னொரு பாட்டில் 2018-ல் 1,03,700 யூரோவுக்கு ஏலம் போனது.

சரி, எதோடு சாப்பிடுவார்கள்? அதே மலையின் 'கோன்த்தே' பாலாடைக்கட்டியோடும் வால்நட்டோடும். ஒரு சக்கரக் கட்டி சுமார் 40 கிலோ. அதற்குப் பால் மட்டும் 400 லிட்டர். விசேஷம் என்றால் சேவல் கறியை இந்த ஒயினிலேயே வேகவைத்து, க்ரீமும் மோரல் காளானும் சேர்த்துப் பரிமாறுவார்கள். என் கட்சி இரண்டாவது. ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் மட்டும் ஜுராக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். 15 டிகிரி வாக்கில், சில மணி நேரம் முன்பே திறந்து வைத்தால்தான் மணம் எழும்.

அந்த மணத்துக்குக் காரணம் 'சோட்டோலான்' என்ற வேதிப்பொருள். வெந்தயத்துக்கு வாசம் கொடுப்பதும் சாட்சாத் அதேதான்! கறி மசாலா போட்ட உணவோடு இந்த ஒயின் ஜோராகச் சேர்வதன் ரகசியம் புரிகிறதா? அடுத்த முறை வாணலியில் வெந்தயம் வறுக்கும்போது மூக்கைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோங்கள். காசில்லாமல் ஜுரா!