அடுத்து எந்த நூல்? பிறரைக் கேளுங்கள்!

தங்கள் இல்லத்து அலமாரியில் வாங்கி வைத்து இன்னும் திறக்கப்படாமல் இருக்கும் நூல்கள் எத்தனை என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? கூமாப்பட்டியிலுள்ள எம் சிறிய இல்லத்தில் ஒரு நோன்புப் பெருநாளை அடுத்து நான் எண்ணினேன். 43! மதுரைப் புத்தகத் திருவிழாவில் ஆசையோடு வாங்கியவை, நண்பர்கள் அன்பளித்தவை, என்னிடம் ஓதி முடித்த மாணவர்கள் தந்தவை. "வாங்குவதில் உள்ள வேகம் வாசிப்பதில் இல்லையே" என்று என் துணைவியார் கூறியபோது மறுமொழி கூற என்னிடம் ஏதுமில்லை.

காரணம் நேரமின்மை என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மையன்று. மத்ரஸா முடிந்து, இஷாத் தொழுது, களைத்து வந்து அலமாரியின் முன் நிற்கும்போது கை தானாகவே மெல்லிய நூலை நோக்கிச் செல்கிறது. ஏற்கெனவே படித்ததைக்கூட மீண்டும் எடுக்கிறது. கனமான நூல் "நாளை" என்று ஒதுக்கப்படுகிறது. அந்த நாளை வருவதேயில்லை.

இவ்விடத்தில் மாமேதை இப்னு ஸீனா தம் வரலாற்றில் தாமே கூறியிருக்கும் நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். இளமைப் பருவத்தில் அவர் அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருளியல் நூலை 40 முறை படித்தார். மனப்பாடமே ஆகிவிட்டது; பொருள் மட்டும் விளங்கவில்லை. இனி இது எனக்கு எட்டாது என்று மனம் தளர்ந்திருந்த நாளில், அஸர் வேளையில், புத்தகக் கடைத் தெருவுக்குச் சென்றார். தரகர் ஒருவர் ஒரு நூலை நீட்டினார். இத்துறையில் பயனில்லை என்றெண்ணிய இப்னு ஸீனா அதனை வெறுப்போடு மறுத்தார். தரகர் விடவில்லை. "விலை மூன்று திர்ஹம்தான், உடையவருக்குப் பணம் தேவைப்படுகிறது" என்று வற்புறுத்தினார். வாங்கிப் பார்த்தால், அது அதே மெய்ப்பொருளியலின் நோக்கங்களை விளக்கி அல்ஃபாராபி எழுதிய நூல்! வீடு திரும்பி விரைந்து படித்தார். மூடியிருந்த கதவு திறந்தது. மறுநாள் ஏழைகளுக்கு தாராளமாக தர்மம் செய்து அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினார். தம் விருப்பப்படியே நடந்திருந்தால் அந்நூல் அவர் கைக்கு வந்திராது என்பதை கவனியுங்கள்.

சீர்காழியில் பிறந்து நூலகவியலின் தந்தையெனப் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. வாசகரையும் நூலையும் சேர்த்து வைக்க இடையில் ஒருவர் வேண்டும். நூலகத்தில் அவர் நூலகர். வீட்டில் யார்?

யாரையும் கேட்கலாம் என்பதன்று. 2025இல் இணையத்தில் பரவிய காணொளிகளைக் கண்டு எங்கள் கூமாப்பட்டியைத் தேடி எங்கெங்கிருந்தோ மக்கள் திரண்டு வந்தார்கள். அணையைக் காண வந்து ஏமாற்றத்தோடு திரும்பியோர் பலர். முகமறியாதோர் கூட்டமாகச் சொல்வதற்கும், நம்மை அறிந்த ஒருவர் சொல்வதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

ஆகவே நான் வீட்டாரையே கேட்டேன். ஒரே நிபந்தனை: எடுத்துத் தந்ததை மறுக்கக் கூடாது. முதலில் என் தாயாரை அழைத்தேன். அவருக்கு தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. குர்ஆன் ஓதுவார், அரபுத் தமிழ் படிப்பார். அலமாரியைத் தடவி, அடித்தட்டிலிருந்து அட்டை கிழிந்த ஒரு நூலை உருவினார். "இது உங்க அத்தாவோடது" என்றார். உமறுப் புலவரின் சீறாப்புராணம்.

எனக்கு முகம் வாடிவிட்டது. மூன்று காண்டங்கள், 5027 விருத்தங்கள். பி.ஏ. தமிழ் படித்தபோது தேர்வுக்கு வைத்த பகுதியோடு நிறுத்திக்கொண்டவன் நான். அத்தா மவுத்தான 1998க்குப் பின் அந்நூலை ஒருவரும் தொடவில்லை. கனம் மட்டுமா காரணம்? பக்க ஓரங்களில் அவருடைய கையெழுத்து இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

நிபந்தனை நான் விதித்ததாயிற்றே! அன்றிரவே அம்மாவின் கட்டிலருகே அமர்ந்து விலாதத்துக் காண்டத்தைத் தொடங்கினேன். ஐந்தாறு செய்யுள் சென்றதும் அம்மா கையை உயர்த்தி, "அங்கே நிறுத்தி வாசிக்கக் கூடாது, அத்தா சேர்த்து வாசிப்பாங்க" என்றார். எழுத்தறியாதவர் என்று நான் எண்ணியிருந்த அவர், ரபீஉல் அவ்வல் மாத இரவுகளில் கணவர் வாசிக்கக் கேட்டுக் கேட்டே சந்தத்தை நெஞ்சில் வைத்திருக்கிறார். திருத்தியது சரியாகவும் இருந்தது. ஓரத்தில் அத்தா பென்சிலால் கோடிட்ட இடங்கள் வரும்போது நான் சற்றுத் தயங்கினேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

இரவுக்கு இருபது செய்யுள் வீதம் இப்போது நுபுவ்வத்துக் காண்டத்தில் இருக்கிறோம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் அடுத்த நூலை இப்போதே எடுத்து மேசைமீது வைத்துவிட்டாள். கணித வரலாறு! 43இல் நான் மிகவும் அஞ்சியது அதுதான் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.