கடையைப் பூட்டினோம், மெயினை நிறுத்தினோமா?

இரவு பத்து மணிக்குக் கல்லாவை எண்ணி முடிக்கிறோம். சாமி படத்துக்கு முன் ஒரு கும்பிடு போட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புகிறோம். திருடனுக்குப் பயந்து இவ்வளவு கவனம். ஆனால் பூட்டிய கடைக்குள் இரவு முழுவதும் விழித்திருக்கும் மின்சாரத்தை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

சென்ற கோடையில் நம் உறுப்பினர் ஒருவரின் மளிகைக் கடை ஒரே இரவில் எரிந்து போனது. ஐஸ்கிரீம் பெட்டியின் பிளக் செருகியிருந்த இடத்தில் தொடங்கிய தீ, பக்கத்தில் அடுக்கியிருந்த காலிச் சாக்குகளைப் பிடித்து, எண்ணெய் டின்களுக்குத் தாவியது. அந்த பிளக் ஒரு மாதமாகவே சூடாக இருந்ததைக் கடைப் பையன் சொல்லியிருக்கிறான். "பார்க்கலாம்" என்று விட்டிருக்கிறார். சரக்கு போனதைவிட, பற்று வரவு நோட்டு எரிந்ததுதான் அவரை உட்கார வைத்துவிட்டது. கணக்கு தெரிந்து தாமாகவே வந்து பாக்கியைக் கொடுத்த வாடிக்கையாளர்கள் உண்டு. வராதவர்களும் உண்டு. யாரிடம் போய்க் கேட்பது?

இதற்குப் பிறகுதான் நாம் சிலர் சேர்ந்து, உரிமம் பெற்ற மின் மேற்பார்வையாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு நம் கடைவீதியில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அவர் காட்டியதையும் சொன்னதையும் உறுப்பினர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறோம்.

"மின்கசிவு" என்ற ஒரே சொல்

எந்தக் கடை எரிந்தாலும் மறுநாள் பத்திரிகையில் "மின்கசிவே காரணம்" என்று வருகிறது. ஏதோ விதிவசம் போல நாமும் படித்துவிட்டு மடித்து வைக்கிறோம். உண்மையில் இந்தச் சொல்லுக்குள் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதலாவது, தாங்க முடியாத பளு. 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட் மின்சாரத்தில் சுமார் 1,380 வாட் வரைதான் எடுக்கலாம். டீ போட வைத்திருக்கும் 1,500 வாட் கெட்டில் ஒன்றே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. அதே பலகையில் பை ஒட்டும் மெஷினையும் குளிர்பெட்டியையும் சேர்த்தால் என்ன ஆகும்? ஒயரில் ஓடும் மின்சாரம் இரண்டு மடங்கானால் அதில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகிறது. இந்தக் கணக்கைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம் மறக்கவே கூடாது.

இரண்டாவது, உண்மையான கசிவு. ஒயரின் மேலுறை வெயிலில் வெடித்தோ, எலி கடித்தோ, ஈரம் இறங்கியோ, மின்சாரம் சுவருக்கும் இரும்புக்கும் பாய்வது. மழைக் காலத்தில் ஷட்டரைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பதும், பெயர்ப் பலகையின் இரும்புச் சட்டம் ஷாக் அடிப்பதும் இதனால்தான்.

மூன்றாவது, தளர்ந்த இணைப்பு. திருகு லூசான பிளக், டேப் மட்டும் சுற்றி முறுக்கிவிட்ட ஒயர், அலுமினியக் கம்பியும் செம்புக் கம்பியும் நேராகச் சேர்த்த இடம். இங்கே சிறு சிறு பொறி பறந்து, மெல்ல மெல்லச் சூடேறி, ஒரு நாள் பிளாஸ்டிக்கைப் பற்ற வைக்கிறது.

பளுவையும் ஷார்ட் சர்க்யூட்டையும் எம்.சி.பி. பிடிக்கும். கசிவை ஆர்.சி.சி.பி. பிடிக்கும். ஆனால் தளர்ந்த இணைப்பின் சூட்டை இந்த இரண்டுமே பெரும்பாலும் பிடிக்காது. நம் உறுப்பினரின் கடையில் நடந்தது இதுதான். "எல்லாம் புது மாடல் சுவிட்ச் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை" என்று யாரும் இருந்துவிட முடியாது. கண்ணால் பார்த்து, கையால் சூடு அறிந்து, கருவியால் அளந்து சோதிப்பதற்கு மாற்று கிடையாது.

கடைகளில் நாம் கண்டவை

ஒரு கடையில் மெயின் பலகையை மறைத்துத் துவரம் பருப்பு மூட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவசரத்தில் மெயினை நிறுத்த வேண்டுமானால் ஆறு மூட்டையை இறக்க வேண்டும். இன்னொரு கடையில் பீஸ் கட்டையைக் கழற்றிப் பார்த்த மேற்பார்வையாளர் நம்மைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதில் என்ன கம்பி கட்டியிருக்கீங்க?"

"அடிக்கடி பீஸ் போகுதுன்னு எலக்ட்ரீசியன் பையன் கொஞ்சம் தடியாக் கட்டிட்டுப் போனான். அதுக்கப்புறம் போகவே இல்லையே!"

"பீஸ் போகலைன்னா ஒயர் போகும் அண்ணாச்சி. ஒயர் போனா கடை போகும்."

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. பீஸ் அடிக்கடி போகிறதென்றால் அது எச்சரிக்கை மணி. மணியின் நாக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா?

சாக்கை உரசிக்கொண்டு தொங்கிய குண்டு பல்பு, சூடமும் தீப்பெட்டிக் கட்டும் வைத்த அலமாரிக்குப் பின்னால் ஓடிய ஒட்டுப்போட்ட ஒயர், காற்றுப் புகாத பரணுக்கு அடியில் திணித்திருந்த இன்வெர்ட்டர் பேட்டரி, இவையும் கண்ணில் பட்டன. பேட்டரி சார்ஜ் ஆகும்போது எளிதில் பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியாகிறது என்பதால் அதற்குக் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். எலித் தொல்லை நம் தொழிலோடு பிறந்தது. தானியத்துக்கு வரும் எலி ஒயரையும் விட்டுவைக்காது. ஒயர்கள் குழாய்க்குள் ஓடினால் பாதித் தொல்லை தீரும்.

சோதனை என்றால் என்ன செய்வார்கள்?

பல்பு எரிகிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. முறையான சோதனையில் இவை உண்டு:

1. மெயின் சுவிட்ச், பலகை, பிளக், இணைப்புகள் அனைத்தையும் திறந்து பார்த்து, கருகல், சூடு, தளர்வு இருக்கிறதா என்று அறிதல்.

2. மெக்கர் என்னும் கருவியால் 500 வோல்ட் கொடுத்து ஒயரின் மேலுறையை அளத்தல். குறைந்தது 1 மெக் ஓம் காட்ட வேண்டும். அதற்குக் கீழே போனால் எங்கோ உறை பழுதாகியிருக்கிறது என்று பொருள்.

3. எர்த் சோதனை. எர்த் குழியில் ஈரம் இருக்கிறதா, கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்து அளத்தல். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது நாமே செய்யக்கூடிய வேலை.

4. சுவிட்சுகள் பேஸ் கம்பியில் இருக்கின்றனவா என்று பார்த்தல். நியூட்ரலில் சுவிட்ச் இருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் விளக்குக் கூட்டில் மின்சாரம் இருக்கும்.

5. ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்று அளத்தல். உயிர்ப் பாதுகாப்புக்கு 30 மில்லி ஆம்பியர் வகை வேண்டும். அதிலுள்ள "டி" பொத்தானை மாதம் ஒரு முறை நாமே அழுத்திப் பார்க்கலாம். விழவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டும்.

6. மொத்தப் பளுவைக் கணக்கிட்டு, ஒயரின் கனமும் எம்.சி.பி.யின் அளவும் அதற்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்தல்.

முடிவில் எழுத்து மூலம் அறிக்கை வாங்கிக்கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேற்படாத இடைவெளியில் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளிலும் இடம்பெற்றது. எண்ணெயும் சாக்கும் எலியும் சேர்ந்த நம் கடைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை என்பதே நல்லது. தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன் செய்துவிட்டால் மூட்டைகளை நகர்த்தும் வேலையும் மிச்சம்.

யாரை அழைப்பது? தமிழ்நாட்டில் மின் கம்பியாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. ஒப்பந்தக்காரருக்கு உரிமம் உண்டு. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் அழைத்தால் கட்டணத்தைப் பேசிக் குறைக்கலாம். கடைக்கு மேலேயே குடியிருப்பவர்கள் வீட்டையும் அன்றே பார்த்துவிடச் சொல்லுங்கள். கீழே பிடிக்கும் தீக்கும் புகைக்கும் மாடிப்படிதான் வழி.

இன்சூரன்சும் இணைப்பும்

தீக்காப்பு பாலிசியில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை இருக்கிறது. ஷார்ட் சர்க்யூட் ஆகி ஒரு குளிர்பெட்டி தனக்குள்ளேயே கருகினால், அந்தப் பெட்டிக்குச் சாதாரணத் தீக்காப்பில் இழப்பீடு கிடைக்காது. ஆனால் அதிலிருந்து பரவிய தீயால் எரிந்த சரக்குக்கும் மற்றச் சாமான்களுக்கும் உண்டு. ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்பு வரை உள்ள சிறு தொழில்களுக்கென்றே "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா" என்ற பாலிசி 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வந்துள்ளது. எதை எடுத்தாலும், வங்கிக் கடன் தொகைக்கு மட்டும் எடுக்காமல் சரக்கின் முழு மதிப்புக்கு எடுங்கள். குறைத்து எடுத்தால் இழப்பீடும் அந்த விகிதத்தில் குறையக்கூடும். சோதனை அறிக்கையையும் சரக்கு இருப்புக் கணக்கின் நகலையும் வீட்டில் வைத்திருங்கள். பற்று வரவு நோட்டையும் வாரம் ஒரு முறை படம் எடுத்து வைப்பது இந்தக் காலத்தில் கடினமல்ல.

இன்னொன்று. வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு ஒயர் இழுத்திருப்பவர்கள் உடனே முறைப்படுத்திக்கொள்ள வேண்டும். அனுமதித்த காரியத்துக்கு மாறாகப் பயன்படுத்துவதற்கு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு இரு மடங்கு கட்டணம் விதிக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, வீட்டுக்குப் போட்ட மெல்லிய ஒயரில் கடைப் பளுவை ஏற்றுவது.

உள்ளே தூங்குபவன் யார்?

2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு, கடைகள் அடைத்த பிறகுதான் மதுரை மீனாட்சி அம்மன் கோயில் வளாகக் கடைகளில் தீப்பிடித்தது. கடைகள் மட்டுமன்றி, வீரவசந்தராயர் மண்டபமும் சிதைந்தது. 2019 டிசம்பர் 8ஆம் தேதி விடியற்காலையில் தில்லி அனாஜ் மண்டிப் பகுதியில் ஒரு கட்டடம் எரிந்து 43 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வேலை செய்த இடத்திலேயே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். மின் கோளாறாக இருக்கலாம் என்றே அப்போது அதிகாரிகள் கூறினார்கள்.

இதைப் படிக்கும்போது நம் கடைப் பரண் நினைவுக்கு வர வேண்டும். ஊரிலிருந்து வந்த பையனைக் கடைக்குள்ளேயே படுக்க வைத்து, வெளியே பூட்டிவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. எரிந்த நம் உறுப்பினரின் கடையிலும் ஒரு பையன் வழக்கமாகப் படுப்பான். அன்று தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தான். பிளக் சூடாகிறது என்று சொன்னவனும் அவன்தான். சரக்கு திரும்ப வரும், இன்சூரன்ஸ் வரும், அந்தப் பையனின் தாய்க்கு நாம் என்ன கணக்குச் சொல்லியிருப்போம்? வெளியில் பூட்டி உள்ளே ஆளை வைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இன்று இரவே செய்யக்கூடியவை

குளிர்பெட்டிக்கு மட்டும் தனி ஒயரும் தனி எம்.சி.பி.யும் போட்டுக்கொண்டால், பூட்டும்போது மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம். அதுவரை, பெட்டியின் பிளக்கைச் சுற்றி ஒரு கை தூரத்துக்குச் சாக்கோ அட்டையோ வைக்காதீர்கள். மெயின் பலகைக்கு முன் மூட்டை அடுக்காதீர்கள். கருகிய வாடை வந்தாலோ, பிளக்கின் நிறம் மாறினாலோ அன்றே மாற்றுங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். உலர்தூள் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் ஒன்றைக் கல்லாப் பக்கம் மாட்டுங்கள். மின் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. முதலில் மெயினை நிறுத்தி, 101க்குச் சொல்ல வேண்டும் என்பதைக் கடைப் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள்.

நம் உறுப்பினர் இப்போது அதே இடத்தில் மீண்டும் கடை திறந்திருக்கிறார். சாக்கு அடுக்கும் இடம் மாறியிருக்கிறது. மெயின் பலகை கல்லாவுக்கு நேராக வந்திருக்கிறது. அந்தப் பையன் பின் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். இரவில் பூட்டை இழுத்துப் பார்ப்பதற்கு முன் அவர் பையனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார்: "மெயினை நிறுத்தினாயா?"

நாமும் கேட்போம்.