வான்கோழி சீசனும் ஒரு 'கிளிக்' சத்தமும்

ஏப்ரல் மாசம், காலை ஆறரை மணி. அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துக் காடு ஒண்ணுல, ஓக் மரத்துல முதுகைச் சாய்ச்சு நீங்க உட்கார்ந்திருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. தலையில இருந்து கால் வரைக்கும் இலை டிசைன் போட்ட துணி, முகத்துக்கு வலை. ஒரு மணி நேரமா அசையல. மூக்கு மேல பூச்சி ஊர்ந்தாலும் கை தூக்கல. கடைசியா, முப்பது மீட்டர் தூரத்துல, வாலை விசிறி மாதிரி விரிச்சுக்கிட்டு அது வருது. சேஃப்டியைத் தள்ளிட்டு, குறி பார்த்து, ட்ரிகரை அழுத்துறீங்க.

கிளிக்.

அவ்வளவுதான். வெடிச் சத்தம் இல்ல, தோள்ல உதை இல்ல. ஒரு பால்பாயிண்ட் பேனாவை அமுக்கின மாதிரி ஒரு சத்தம்.

மெஷின் டிசைன் பேப்பர்ல ஸ்பிரிங் யூனிட்டைப் படிக்க உட்கார்ந்து, ஒரு அனிமேஷன் வீடியோவுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவி, ராத்திரி ரெண்டு மணிக்கு நான் வந்து சேர்ந்த இடம் இந்த 'கிளிக்'. நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்ல. நம்ம நாட்டுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்படிக் காட்டுக்குள்ள போய் உட்காரவும் முடியாது. வேட்டை சரியா தப்பாங்கறது தனிக் கட்டுரைக்கான விஷயம், அதை இங்க எடுக்கல. ஆனா "எப்பவாவது மட்டும்" மக்கர் பண்ற ஒரு மெஷினோட எப்படிப் பழகணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்க லேப் இல்ல, இந்தச் சத்தம்தான்.

முதல்ல பறவையைப் பத்திக் கொஞ்சம். வான்கோழின்னா நமக்கு, மயிலைப் பார்த்து ஆடினதுன்னு கேலி பண்ற கதைதான் ஞாபகம் வரும். பாவம், அது யாரையும் காப்பி அடிக்கல. வசந்த காலத்துல பெட்டையைக் கவர ஆண் வான்கோழி வாலை விரிச்சு நடக்கறது அதோட சொந்த ஆட்டம். ராத்திரி மரக்கிளையில தூங்கி, விடியும்போது இறங்கும். பண்ணையில பார்க்கற கொழுத்த வெள்ளைப் பறவையை வெச்சு இதை எடை போடாதீங்க. காட்டு வான்கோழி நல்லா பறக்கும், வேகமா ஓடும். மோப்ப சக்தி கம்மி, ஆனா கண்ணும் காதும் ரொம்ப ஷார்ப். வேட்டைக்காரர் பெட்டை மாதிரி குரல் கொடுத்து ஆணைக் கூப்பிடணும். இயற்கையில பெட்டைதான் ஆணைத் தேடிப் போகும். இங்க தலைகீழா, ஆணை வரவைக்கணும். அதனால அது சந்தேகத்தோடயேதான் வரும். நின்னு, பார்த்து, யோசிச்சு வரும். ஒரு சீசன்ல இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைக்கறதே பெரிய விஷயம்.

இப்ப துப்பாக்கி. ஷாட்கன்ல ஒரே குண்டு போகாது. நூத்துக்கணக்கான சின்னச் சின்ன ரவைகள் கொத்தா போகும் (உப்புமா ரவை இல்லீங்க, ஈயத்துல செஞ்ச ரவை). தோட்டாவோட அடிப்பக்கம் நடுவுல பிரைமர்னு ஒரு சின்ன உலோக மூடி இருக்கும். ட்ரிகரை அழுத்தினா ஹேமர் ஃபயரிங் பின்னை அடிக்கும், பின் பிரைமரைக் குத்தும், அதுல வர்ற தீப்பொறி உள்ளே இருக்கற மருந்தைப் பத்த வைக்கும். அந்த நேரத்துல தோட்டா இருக்கற சேம்பர்ல அழுத்தம் எவ்வளவு ஏறும் தெரியுமா? வழக்கமான 12 கேஜ் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அளவு அனுமதிக்கற உச்சம் 11,500 பிஎஸ்ஐ. நம்ம வீட்டு குக்கர் விசிலடிக்கறது சுமார் 15 பிஎஸ்ஐ-ல. 750 மடங்குக்கும் மேல. இவ்வளவு அழுத்தத்தையும் பின்பக்கம் தாங்கி நிக்கறது போல்ட்னு சொல்ற இரும்புக் கட்டை. அது சரியா பூட்டிக்காம தோட்டா வெடிச்சா, பின்பக்கம் இருக்கறது உங்க முகம்.

அதனால டிசைன் பண்றவங்க ஒரு முடிவு எடுத்திருக்காங்க. போல்ட் முழுசா பூட்டிக்கலைன்னா, ஃபயரிங் பின் பிரைமரைச் சரியா எட்டவே கூடாது. நம்ம மிசௌரிக்காரர் கேட்ட 'கிளிக்'குக்குப் பல சமயம் காரணம் இதுதான். துப்பாக்கி கெட்டுப் போகல. "நான் இன்னும் பூட்டிக்கல, சுட மாட்டேன்"னு சொல்லியிருக்கு. இதைப் புரிஞ்சுக்கிட்டப்போதான் எனக்கு இந்த விஷயமே பிடிச்சுப் போச்சு. நாம "நம்ப முடியாத துப்பாக்கி"ன்னு திட்டறோம், அது தன் வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு.

சரி, ஏன் பூட்டிக்கல?

தானா அடுத்த தோட்டாவை ஏத்திக்கற செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்கள்ல ரெண்டு பெரிய குடும்பம். ஒண்ணு, குழல்ல உருவாகற கேஸ்ல கொஞ்சத்தைத் திருப்பி விட்டு பிஸ்டனைத் தள்ளற வகை. இன்னொண்ணு இனர்ஷியா வகை. இத்தாலியில உர்பினோவுல இருக்கற பெனெல்லி கம்பெனி இதை உலகப் புகழ் ஆக்கிச்சு, டிசைன் புரூனோ சிவோலானி என்பவரோடது. பஸ் திடீர்னு கிளம்பும்போது நின்னுட்டிருக்கறவங்க பின்னால சாயறாங்க இல்ல? அதே தத்துவம். சுட்டதும் துப்பாக்கி பின்னால உதைக்குது. உள்ளே இருக்கற கனமான போல்ட் உடம்பு மட்டும் "நான் நகர மாட்டேன்"னு நிக்குது. நடுவுல இருக்கற குட்டியான, ரொம்ப விறைப்பான ஸ்பிரிங் நசுங்குது. அடுத்த நொடித்துளியில அந்த ஸ்பிரிங் விரிஞ்சு போல்ட் உடம்பைப் பின்னால எறியுது. போல்ட் தலை திரும்பிப் பூட்டு திறக்குது, காலி தோட்டா வெளியே விழுது. அப்புறம் கட்டைக்குள்ள இருக்கற இன்னொரு ஸ்பிரிங் எல்லாத்தையும் முன்னால தள்ளி அடுத்த தோட்டாவை உள்ளே ஏத்துது. கேஸ் உள்ளே வராததால கரி படியாது, பாகங்களும் கம்மி. எக்ஸாம்ல வரைய ரொம்ப வசதியான மெக்கானிசம்!

கடைசி சில மில்லிமீட்டர்லதான் சிக்கல். போல்ட் தலை முன்னால வந்து முட்டினதும் திரும்பி, ரெண்டு பற்களும் பள்ளத்துக்குள்ள போய் உட்காரணும். போல்ட் முழு வேகத்துல வந்தா 'டடக்'னு உட்கார்ந்துடும். மெதுவா வந்தா பாதியிலேயே நின்னுடும். வேகம்தான் அங்க சாவி.

கார் கதவை நினைச்சுப் பாருங்க. ராத்திரி லேட்டா வீட்டுக்கு வந்து, அப்பா முழிச்சுக்கக் கூடாதுன்னு கதவை மெதுவா சாத்துறீங்க. சாத்தின மாதிரிதான் தெரியும். ஆனா டேஷ்போர்டுல கதவு லைட் எரிஞ்சுட்டே இருக்கும். வான்கோழி வேட்டைக்காரரும் இருட்டுல இதையேதான் பண்றாரு. பறவை பக்கத்து மரத்துல தூங்குது, சத்தம் கேட்டா காரியம் கெட்டுடும். அதனால போல்ட் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, பூப்போல மெதுவா முன்னால விடறாரு. முக்கால் பூட்டு. துப்பாக்கியில டேஷ்போர்டு லைட்டும் கிடையாது. இல்லைன்னா, ஒழுங்கா பூட்டின துப்பாக்கியைத் தூக்கிட்டு நடக்கும்போது ஒரு கிளையோ பெல்ட்டோ கைப்பிடியில லேசா இடிச்சாலும் போதும். தலை கொஞ்சம் திரும்பி, அப்படியே நின்னுடும்.

வேட்டைக்காரங்க இதுக்கு 'பெனெல்லி கிளிக்'னே பேர் வெச்சுட்டாங்க. இதுல கொடுமை என்னன்னா, பல சமயம் ஹேமர் விழற அடியிலேயே போல்ட் முன்னால நகர்ந்து முழுசா மூடிக்கும். 'கிளிக்'குக்கு அப்புறம் நீங்க குனிஞ்சு பார்த்தா எல்லாம் கச்சிதமா பூட்டியிருக்கும். தப்பு தன்னோட தடயத்தைத் தானே அழிச்சுடுது. மெக்கானிக்கிட்ட கொண்டு போனதும் பைக் ஒழுங்கா ஸ்டார்ட் ஆகுமே, அந்த எரிச்சலை நினைச்சுக்கோங்க. ஆபத்தும் இங்கதான் இருக்கு.

நீங்க கேட்டது நல்ல 'கிளிக்'கா கெட்ட 'கிளிக்'கான்னு அந்த நொடியில உங்களுக்குத் தெரியாது. பூட்டாத போல்ட்டா இருக்கலாம். செத்துப் போன பிரைமரா இருக்கலாம். பிரைமர் குத்துப்பட்டு, மருந்து மெதுவா புகைஞ்சுக்கிட்டும் இருக்கலாம், அதாவது தாமதமா வெடிக்கப் போற தோட்டா. எனக்கு ஒன்பது வயசுல ஒரு தீபாவளிக்கு லட்சுமி வெடி ஒண்ணு வெடிக்கல. திரி எரிஞ்சது, சத்தம் இல்ல. நான் மனசுக்குள்ள அஞ்சு வரை எண்ணிட்டுப் போய்க் குனிஞ்சேன். வலது கைக் கட்டைவிரல்ல நகம் இப்பவும் கொஞ்சம் கோணலாத்தான் வளருது. "வெடிக்காத வெடி கிட்டப் போகாதே"ன்னு அம்மா அதுக்கு முன்னாடி ஒரு நூறு தடவை சொல்லியிருப்பாங்க.

துப்பாக்கிக்கும் விதி அதேதான். ட்ரிகர்ல இருந்து விரலை எடுக்கணும், குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வெச்சுக்கிட்டுக் குறைஞ்சது முப்பது வினாடி காத்திருக்கணும். ஒரு நிமிஷம்னு சொல்றவங்களும் உண்டு. அதுக்கு அப்புறம்தான், முகத்தைத் தள்ளி வெச்சுக்கிட்டு போல்ட்டைத் திறக்கணும். தாமதமா வெடிக்கறது பெரும்பாலும் ஒரு நொடிக்குள்ளேயே நடந்துடும். ஆனா போல்ட்டைத் திறந்த பிறகு நடந்தா, அந்த 11,500-ஐத் தாங்கச் சுத்தி இரும்புச் சுவர் இருக்காது.

சொல்றது சுலபம். முப்பது மீட்டர்ல பறவை நிக்குது. 'கிளிக்'கைக் கேட்டு ஓடல, தலையை நீட்டிப் பார்க்குது. ஹேமர் விழுந்தாச்சு, மறுபடி சுடணும்னா போல்ட்டை இழுத்தே ஆகணும். கை தானா அங்க போகும். ரெண்டு மாசம் காத்திருந்தது இந்த முப்பது வினாடியில நடந்து போயிடும்னு தெரியும். அப்பவும் உட்கார்ந்துதான் இருக்கணும்.

"பாதுகாப்பான திசை"ங்கறதும் இந்த வேட்டையில லேசுப்பட்டது இல்ல. சுத்தி இருக்கற மத்த வேட்டைக்காரங்களும் இலை டிசைன் துணியில, பெட்டைக் குரல் கொடுத்துக்கிட்டு ஒளிஞ்சிருப்பாங்க. ஆண் வான்கோழியோட தலை சிவப்பு, வெள்ளை, நீலம்னு மாறும். அதனால அந்த மூணு நிறத்துல கைக்குட்டைகூட எடுத்துட்டுப் போகாதீங்கன்னு அங்க வேட்டைப் பயிற்சியில சொல்லிக் கொடுக்கறாங்க.

காத்திருந்து தோட்டாவை வெளியே எடுத்தாச்சுன்னா, தூக்கிப் போடாதீங்க. அதுதான் இருக்கற ஒரே சாட்சி. பிரைமரைத் திருப்பிப் பாருங்க. பள்ளமே இல்லைன்னாலும், ஊசி தொட்ட மாதிரி சின்னப் புள்ளி மட்டும் இருந்தாலும் முதல் சந்தேகம் பூட்டாத போல்ட் மேலதான். பூட்டினது நிச்சயம், ஆனாலும் பள்ளம் மேலோட்டமா இருக்குன்னா, ஹேமர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஃபயரிங் பின் போற வழியில பழைய எண்ணெய் பிசின் மாதிரி இறுகியிருக்கலாம். குளிர் காலையில இது இன்னும் மோசம். "நல்லா ஓடட்டும்"னு நிறைய எண்ணெய் விடறவங்களுக்குத்தான் இது அதிகம் நடக்கும். பள்ளம் ஆழமா, நடுவுல, அழகா இருக்கா? அப்ப துப்பாக்கி மேல பழி போடாதீங்க, தோட்டா பெட்டியை மாத்துங்க.

'கிளிக்'குக்குப் பதிலா வழக்கத்தைவிட மெல்லிசா 'புஸ்'னு ஒரு சத்தம் வந்தா கதையே வேற. உள்ளே இருந்தது பாதி வழியில குழல்லயே சிக்கியிருக்கலாம். எல்லாத் தோட்டாவையும் எடுத்துட்டு, குழலை வெளிச்சத்துல பார்க்காம அடுத்ததைச் சுடவே கூடாது. இதே மாதிரி இன்னொரு விபத்தும் உண்டு. 12 கேஜ்னா, குழல் விட்டத்துக்குப் பொருந்தற ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தா ஒரு பவுண்டுன்னு அர்த்தம். அப்ப 20 கேஜ் இன்னும் ஒல்லி. பாக்கெட்ல கலந்து கிடக்கற 20 கேஜ் தோட்டாவை 12 கேஜ் துப்பாக்கியில போட்டா, அது சேம்பரைத் தாண்டி வழுக்கி முன்னால போய் அடைச்சுக்கும். ட்ரிகர் அழுத்தினா 'கிளிக்'. "அட, ஏத்தவே மறந்துட்டேன் போல"ன்னு பின்னாடி ஒரு 12 கேஜ் போட்டுச் சுட்டா, குழலே கிழியும். அதனாலதான் அங்க 20 கேஜ் தோட்டாவெல்லாம் மஞ்சள் நிறத்துல இருக்கும். எனக்குத் தெரிஞ்ச மிக எளிமையான பாதுகாப்பு டிசைன் அந்த மஞ்சள் கலர்தான்.

சரி, சீசன் நடுவுல இருக்கு, கையில இருக்கறது அந்த ஒரு துப்பாக்கி, என்ன பண்றது? பறவை தூங்கற மரத்துக்கு ரொம்ப முன்னாடியே நின்னு, போல்ட்டை முழு வேகத்துல விடணும். அந்த 'டடக்' சத்தத்துக்கு அங்கேயே பயந்துக்கிட்டா போதும். உட்கார்ந்த பிறகு கைப்பிடியை உள்ளங்கையால ஒரு தடவை முன்னால அழுத்திப் பார்க்கணும். இடம் மாறினா மறுபடியும். பழகினவங்க இதை யோசிக்காமலே செய்வாங்க, நாம ஹாஸ்டல் ரூம் பூட்டை இழுத்துப் பார்க்கற மாதிரி. நிரந்தரமா வேணும்னா, கையால முன்னும் பின்னும் தள்ளற பம்ப் வகை இருக்கு. பழசு, ஸ்டைல் கம்மி. ஆனா போல்ட்டைப் பூட்டறது உங்க கை, பாதியில நின்னா கைக்கே தெரியும். என் ஓட்டு அதுக்குத்தான். பெனெல்லியும் 2010-கள்ல இருந்து வந்த சில மாடல்கள்ல, மெதுவா மூடினாலும் போல்ட் தலை தானா திரும்பிப் பூட்டிக்கற ஏற்பாட்டைச் சேர்த்திருக்காங்க.

ஆனா பிரைமர்ல மேலோட்டமான பள்ளம் ரெண்டாவது தடவையும் வந்தா, "இன்னும் ஒரே வாரம்தானே"ன்னு அதே துப்பாக்கியோட போகக் கூடாது. வீட்டுல, வெறும் டம்மி தோட்டா போட்டு, மெதுவா மூடி ஒரு இருபது தடவை, வேகமா மூடி ஒரு இருபது தடவை, கைப்பிடியை இடிச்சுவிட்டு ஒரு இருபது தடவை. எப்போ பூட்டுது, எப்போ பூட்டலன்னு ஒரு நோட்டுல குறிச்சுக்கிட்டு, அந்த நோட்டோட கன்ஸ்மித் கிட்ட போகணும். "சில சமயம் சுட மாட்டேங்குது சார்"னு மட்டும் சொன்னா, அவரும் மேசையில வெச்சு ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டு, நல்லாத்தான் இருக்குன்னு திருப்பிக் கொடுத்துடுவாரு.