அச்சமும் இழவும்: ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சிப் படத்தின் கதை

முன்னுரை

உள்ளத்தில் தோன்றி உடலின்வழிப் புலப்படும் உணர்வுகளை மெய்ப்பாடு என்று பெயரிட்டு எட்டாக வகுத்தார் தொல்காப்பியர். அவற்றுள் ஒன்றாகிய அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைக் களனாகக் கொண்டு பிறக்கும் என்பது அவர் கருத்து. அந்நான்கனுள் அணங்கினால் பிறக்கும் அச்சத்தையே பொருளாகக் கொண்டு ஆங்கில இலக்கியத்தில் ஒரு தனிக் கதைமரபு வளர்ந்துள்ளது. 'காதிக்' என வழங்கும் அம்மரபு 1764இல் ஹோரஸ் வால்போல் எழுதிய 'தி காசில் ஆஃப் ஓட்ராண்டோ' என்னும் புதினத்தோடு தொடங்கிற்று என்பர். பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, மறைக்கப்பட்ட குடும்பக் குற்றம் ஆகியவை அதன் நிலையான உறுப்புகள்.

இம்மரபில் வந்த தொலைக்காட்சிப் படங்களுள் குறிப்பிடத்தக்கது 'தி உமன் இன் பிளாக்'. 'கறுப்பு உடைப் பெண்' என்பது அத்தலைப்பின் பொருள். 1989இல் ஒளிபரப்பான அப்படம், முப்பதாண்டுகளுக்குப் பின்னரே வீட்டில் வைத்துப் பார்க்கத்தக்க செம்மையான பதிப்பைப் பெற்றது. அப்படத்தின் இயல்பையும், அது மறைந்து மீண்ட வரலாற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

இறந்தோர் ஆவியாய் அலைந்து உயிர்களை வாட்டுவர் என்பது நம் சமய நம்பிக்கைக்கு உடன்பாடன்று. ஆயினும் கதையில் வரும் ஆவி பெரும்பாலும் வேறொன்றின் குறியீடே ஆகும். அது எதன் குறியீடு என்று ஆராய்வது இலக்கியம் பயில்வோர்க்கு உரிய பணி.

புதினமும் நாடகமும்

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் காலத்து நீண்ட இரவுகளில் குடும்பத்தார் கூடியிருந்து பேய்க்கதை சொல்லும் வழக்கம் பழமையானது. சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் வெளியிட்ட 'எ கிறிஸ்துமஸ் கரோல்' அவ்வழக்கத்தின் புகழ்பெற்ற விளைவு. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பேரறிஞர் எம். ஆர். ஜேம்ஸ் தாம் எழுதிய கதைகளை அக்காலத்தில் நண்பர்க்குப் படித்துக் காட்டுவார். பி.பி.சி. நிறுவனம் 1971 முதல் 1978 வரை ஆண்டுதோறும் அப்பருவத்தில் ஒரு பேய்க்கதையைப் படமாக்கி ஒளிபரப்பியது.

இவ்வழக்கத்தை அடியொற்றிச் சூசன் ஹில் என்னும் எழுத்தாளர் 1983இல் 'தி உமன் இன் பிளாக்' புதினத்தை வெளியிட்டார். கிறிஸ்துமஸ் இரவில் பிள்ளைகள் பேய்க்கதை சொல்லுமாறு வேண்ட, சொல்ல இயலாத துயரொன்றைச் சுமந்திருக்கும் முதியவர் எழுந்து வெளியேறுவதும், பின்னர் அதனை எழுதி வைக்க முற்படுவதும் அதன் தொடக்கம். ஸ்டீபன் மல்லட்ராட் இதனை நாடகமாக்கினார். 1987இல் ஸ்கார்பரோ நகரில் அரங்கேறிய அந்நாடகம், இலண்டன் பார்ச்சூன் அரங்கில் 1989 முதல் 2023 வரை நடைபெற்று 13,000 காட்சிகளைக் கடந்தது.

தொலைக்காட்சி வடிவம்

நாடகம் பார்ச்சூன் அரங்கிற்கு வந்த அதே 1989ஆம் ஆண்டில், டிசம்பர் 24ஆம் நாள் இரவு, ஐ.டி.வி. அலைவரிசையில் இப்படம் ஒளிபரப்பாயிற்று. தயாரித்தது சென்ட்ரல் தொலைக்காட்சி நிறுவனம். இயக்கியவர் ஹெர்பர்ட் வைஸ். 1976இல் வந்த 'ஐ, கிளாடியஸ்' தொடரால் பெயர் பெற்றவர். இசை ரேச்சல் போர்ட்மேன். பின்னாளில் 'எம்மா' படத்திற்காக ஆஸ்கர் விருது பெற்றவர். திரைக்கதை எழுதியவர் நைஜல் நீல்.

கதை 1925இல் நிகழ்கிறது. இலண்டனில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் ஆர்தர் கிட் என்னும் இளைஞன், இறந்துபோன திருமதி டிராப்ளோ என்னும் மூதாட்டியின் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளவும், அவளுடைய ஆவணங்களை ஒழுங்குபடுத்தவும் கடலோரச் சிற்றூர் ஒன்றிற்கு அனுப்பப்படுகிறான். அவன் மனைவி மக்களை உடையவன். மூதாட்டி வாழ்ந்த ஈல் மார்ஷ் மாளிகை சதுப்பு நிலத்தின் நடுவே உள்ளது. அங்குச் செல்லும் ஒரே பாதை கடல் பெருகும்போது நீரில் மூழ்கிவிடும். தேவாலயத்தில் கறுப்பு உடை அணிந்த பெண்ணொருத்தியைக் காணும் ஆர்தர், அவள் யார் என வினவுகிறான். ஊரார் முகம் வெளிறுகின்றனரேயன்றி விடை பகர்வாரில்லை.

உண்மை சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. மணமாகாமல் தாயான ஜென்னட் என்பவளிடமிருந்து அவளுடைய ஆண்மகவு பிரிக்கப்பட்டு, டிராப்ளோ குடும்பத்தின் பிள்ளையாக வளர்க்கப்படுகிறது. ஒருநாள் மூடுபனியில் வண்டி பாதை தவறிச் சதுப்பில் மூழ்க, சிறுவன் இறக்கிறான். மகனை இழந்த தாய் வெகுளியோடு மாய்கிறாள். அதன்பின் அவள் எங்குக் காணப்படுகிறாளோ அங்கே யாரோ ஒருவரின் குழந்தை இறக்கிறது.

அச்சம் பிறக்கும் வகை

ஏறத்தாழ நூறு நிமிடம் ஓடும் இப்படத்தில் குருதி இல்லை. கோர முகங்கள் இல்லை. கறுப்பு உடைப் பெண் தோன்றும் காட்சிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவள் முதலில் தோன்றுவது நள்ளிரவிலன்று, பட்டப்பகலில். தொலைவில் அசையாது நின்று நோக்குகிறாள், அவ்வளவே. பாலின் மோரன் என்னும் நடிகை ஒரு சொல்லும் பேசாமல் பார்வையாலேயே அவ்வேடத்தை நிறைத்துள்ளார். ஆர்தராக நடித்த ஏட்ரியன் ராலின்ஸும் அலறித் துடிப்பவராக அன்றி, கடமை தவறாத, பகுத்தறியும் இளைஞராகவே முதலில் காட்டப்படுகிறார். அத்தகையவன் சிறிது சிறிதாக நிலைகுலைவதே காண்போரை நடுங்க வைக்கிறது.

காட்சியினும் ஒலியே இப்படத்தில் மிகுதியாக அஞ்சவைக்கிறது. பனி மூடிய பாதையில் ஆர்தர் நிற்கிறான். குதிரையின் கனைப்பும், வண்டி கவிழும் ஓசையும், நீரில் மூழ்கும் குழந்தையின் கதறலும் கேட்கின்றன. கண்ணுக்கு எதுவும் தென்படுவதில்லை. பல்லாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த விபத்து அவ்விடத்திலேயே மீண்டும் மீண்டும் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பின்னரே உணர்கிறோம்.

இவ்வாறு நெடுநேரம் அடக்கி வைத்த அச்சத்தை இயக்குநர் ஒரே ஒரு காட்சியில் முழுமையாக அவிழ்த்து விடுகிறார். விடுதி அறையில் நோயுற்றுப் படுத்திருக்கும் ஆர்தரின் தலைக்கு மேல் அப்பெண் வீறிட்டவாறு மிதந்து வருகிறாள். சில நொடிகளே நீடிக்கும் இக்காட்சியைச் சிறுவயதில் கண்டவர்கள் வளர்ந்த பின்னும் மறக்கவில்லை என்று கூறுவர். நீண்ட அமைதி முன்னே இருந்தமையாலேயே இவ்வொரு கூக்குரல் இத்துணை ஆற்றல் பெற்றது. மிகைப்படுத்தாமையின் பயனை எழுத விழையும் மாணவர்கள் இதனின்று கற்கலாம்.

மெழுகில் நின்ற குரல்

புதினத்தில் ஆர்தர் உண்மையை அறிவது பழைய கடிதங்களின் வாயிலாக. நீல் அதனை மாற்றினார். படத்தில் மூதாட்டி தன் குரலை மெழுகு உருளைகளில் பதிந்து வைத்திருக்கிறாள். இசைத்தட்டுக்கு முற்பட்ட ஒலிப்பதிவுக் கருவி அது. ஆளில்லாத மாளிகையில் கருவியை இயக்கியவுடன் இறந்தவளின் குரல் எழுகிறது.

இம்மாற்றம் நீலின் நெடுநாளைய சிந்தனையோடு தொடர்புடையது. அவர் 1972இல் எழுதிய 'தி ஸ்டோன் டேப்' என்னும் படத்தில், பழைய கட்டடம் ஒன்றின் கற்சுவரே கடந்தகாலத் துயரைப் பதிந்து வைத்திருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆவி என்பது அழியாமல் நின்றுவிட்ட ஒரு பதிவு என்பது அதன் உட்பொருள். கறுப்பு உடைப் பெண்ணையும் நாம் அவ்வாறே கொள்ளலாம். உயிரோடு இருந்தபோது எவரும் செவிமடுக்காத ஒரு தாயின் முறையீடு, கேட்பாரற்ற அவ்விடத்திலேயே பதிவாகி நின்றுவிட்டது.

மறைவும் மீட்பும்

பதிவுகளைப் பற்றி இவ்வளவு சிந்தித்த நீலின் படைப்புகள் பல பதிவின்றி அழிந்தன என்பது வியப்புக்குரிய முரண். நேரடியாக ஒளிபரப்பான அவரது 'தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமெண்ட்' (1953) தொடரின் ஆறு பகுதிகளுள் முதல் இரண்டே இன்று எஞ்சியுள்ளன. 1963இல் வந்த 'தி ரோட்' முற்றிலும் அழிந்துவிட்டது. அக்காலத்தில் வீடியோ நாடா விலை மிகுந்தது. பழைய நிகழ்ச்சியை அழித்து அதே நாடாவில் புதியதைப் பதிவது வழக்கம். ஒரு நிகழ்ச்சியை மக்கள் பின்னாளில் விலைகொடுத்து வாங்கி வீட்டில் பார்ப்பர் என்று எவரும் எண்ணவில்லை. ஏட்டுச் சுவடிகள் கறையானுக்கு இரையான வரலாற்றை அறிந்த தமிழ் மாணவர்க்கு இவ்விழப்பின் தன்மை புதிதன்று.

'தி உமன் இன் பிளாக்' அழியவில்லை, ஆனால் மறைந்தது. 1994இல் மறு ஒளிபரப்புச் செய்யப்பட்ட பின் அது தொலைக்காட்சியில் காணக் கிடைக்காத படமாயிற்று. வீடியோ கேசட்டாகவும், 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டி.வி.டி.யாகவும் வந்த பதிப்புகள் விற்றுத் தீர்ந்தன. பழைய படிகள் உயர்ந்த விலைக்குக் கைமாறின. பிறர் கேசட்டிலிருந்து படியெடுத்த மங்கலான படிகளைக் கொண்டும், நினைவைக் கொண்டுமே அன்பர்கள் இப்படத்தைப் போற்றி வந்தனர். இதனிடையே 2012இல் டேனியல் ராட்கிளிஃப் நடிப்பில் இதே புதினம் திரைப்படமாக வந்து பெருவெற்றி கண்டது. ஹாரி பாட்டர் படங்களில் அவருக்குத் தந்தையாக நடித்தவர், 1989இல் ஆர்தராக நடித்த ஏட்ரியன் ராலின்ஸ் என்பது சுவையான ஒற்றுமை.

இறுதியில் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நெட்வொர்க் என்னும் பிரித்தானிய நிறுவனம் இப்படத்தைச் செப்பனிட்டு ப்ளூ-ரே தகடாக வெளியிட்டது. இது கைகூடியமைக்குக் காரணம், படம் தொடக்கத்திலேயே படச்சுருளில் எடுக்கப்பட்டிருந்தமை. அக்காலப் பிரித்தானியத் தொலைக்காட்சி, படத்தை 625 கிடைவரிகளாகப் பகுத்து அனுப்பியது. அவற்றுள் திரையில் தெரிவன 576 மட்டுமே. வீடியோ நாடாவில் மட்டும் பதிந்த நிகழ்ச்சியிலிருந்து அதற்கு மேற்பட்ட நுட்பத்தைப் பெற இயலாது. படச்சுருளோ அதனினும் மிகுந்த நுட்பத்தைத் தன்னுள் கொண்டது. எனவே மூலச் சுருளிலிருந்து 1080 வரிகள் கொண்ட புதிய வடிவை உருவாக்க முடிந்தது. 1989இல் ஒளிபரப்பைக் கண்டோரும் காணாத தெளிவுடன் சதுப்பு நிலமும், மூடுபனியும், தொலைவில் நிற்கும் அவ்வுருவமும் புலப்பட்டன. மார்க் கேட்டிஸ், கிம் நியூமன், ஆண்டி நைமன் ஆகிய மூவரின் விளக்கவுரையும் தகட்டில் இணைக்கப்பட்டது. பழைய நூலுக்கு உரையாசிரியர் செய்யும் பணிக்கு இது நிகரானது.

ஆயின் அவ்வெளியீட்டு நிறுவனமே 2023இல் மூடப்பட்டது. பதிப்பித்தவரும் மறையக்கூடும் என்பதனால், ஒரு படைப்பைக் காக்கும் கடமை ஒருமுறை செய்து முடிப்பதன்று, தலைமுறைதோறும் தொடர்ந்து செய்ய வேண்டியது என்பது தெளிவாகிறது.

கதை உணர்த்தும் அறம்

படத்தின் முடிவு புதினத்தினும் கடுமையானது. சிற்றூரில் மரக்கட்டைகள் சரிந்து விழும்போது நாடோடிச் சிறுமி ஒருத்தியைக் காப்பாற்றிய நல்லவன் ஆர்தர். ஜென்னட்டுக்கு அவன் எத்தீங்கும் இழைத்தவனல்லன். ஆயினும் ஊர் திரும்பி, ஏரியில் குடும்பத்தோடு படகில் செல்லும்போது, நீரின்மேல் அப்பெண் நிற்பதைக் காண்கிறான். மரம் ஒன்று முறிந்து படகின்மேல் வீழ்கிறது. புதினத்தில் கதை சொல்ல அவனாவது எஞ்சுகிறான். படத்தில் அவனும் எஞ்சுவதில்லை.

தாயையும் பிள்ளையையும் பிரிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்திருப்பதை நம் மூத்தோர் நன்கு அறிவர். ஜென்னட்டுக்கு இழைக்கப்பட்டது அக்கொடுமையே. ஆனால் அவள் கொண்ட பழியோ, கொடுமை செய்தாரை விட்டு யாதுமறியாக் குழந்தைகளை மாய்க்கிறது. தன்னைப் போன்றே பிள்ளையிழந்து கதறும் தாய்மாரை அவளே உருவாக்குகிறாள். அநீதி கொடிது, எல்லை கடந்த பழி அவ்வநீதியையே பெருக்குகிறது. இவ்விரண்டோடு ஊராரின் மௌனமும் மூன்றாவது குற்றமாகச் சேர்கிறது. அறிந்தவர் ஒருவரேனும் வாய்திறந்திருப்பின் ஆர்தர் அம்மாளிகைக்குச் சென்றிரான்.

முடிவுரை

அழுகைக்குரிய களன்களுள் ஒன்றாக இழவைக் கூறுகிறது தொல்காப்பியம். இப்படத்தில் நாம் கொள்ளும் அச்சத்தைத் துருவிப் பார்ப்பின், அதன் அடியில் இருப்பது ஒரு தாயின் இழவும், அதனால் எழுந்த வெகுளியுமே. நம்மை அஞ்சவைக்கும் கதை எதுவாயினும், அதனுள் கேட்கப்படாத குரல் யாருடையது என்று வினவும் பழக்கம் நமக்கு வேண்டும். வாழ்வோர் நடுவில் அத்தகைய குரல் எழும்போது காலத்தே செவிசாய்ப்போமாயின், அது அச்சந்தரும் கதையாக மாற வேண்டிய தேவை நேராது.