தரையில் வைக்காத பை

திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலில் விமானத்தைப் படம் எடுக்க வருகிறவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்தால் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். வண்ணம் தீட்டிய சுதை உருவங்கள் உயரத்தில் இருக்கின்றன. கேமராவில் மாட்டியிருக்கும் லென்ஸ் அதுவரை எட்டவில்லை. ஆள் முதுகுப் பையைக் கழற்றுகிறார், எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்க்கிறார். வெயிலில் கிடக்கும் கல் சுடுகிறது, நிழலில் கிடக்கும் கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு. கடைசியில் வெறும் பாதத்தின் மேலேயே பையைச் சாய்த்துக்கொண்டு, குனிந்து, ஜிப்பைத் திறந்து, லென்ஸை மாற்றி நிமிர்வதற்குள் மேகம் வந்து வெளிச்சம் போய்விட்டிருக்கும்.

ஸ்லிங் பை இந்தச் சங்கடத்துக்காகவே பிறந்தது. ஒரே ஒரு பட்டை. ஒரு தோளில் தொடங்கி மார்பின் குறுக்கே இறங்கி எதிர்ப்பக்க இடுப்பில் முடியும். நடக்கும்போது பை முதுகில் கிடக்கும். வேண்டும்போது பட்டையைப் பிடித்து இழுத்தால் கைக்கு அடியில் புகுந்து வயிற்றுக்கு முன்னால் வந்து நிற்கும். அப்போது அது பை மட்டுமல்ல, மேசையும்தான். லென்ஸை அதன்மேல் வைத்து மாற்றலாம், மூடியை அதற்குள் போடலாம். தரையில் வைக்க வேண்டியதே இல்லை. இந்த ஒரு குணத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம். கடையில் சொல்லும் மற்ற பெருமைகளை எல்லாம் இந்த ஒன்றை வைத்து உரசிப் பார்த்தால் போதும்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. பிச்சாவரம் கழிகளில் இருளர்கள் தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுவைக்கப் பனையோலைப் பறி. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். பாத்திரம் எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும், கை போகிற தூரத்தில் இருக்க வேண்டும், கீழே வைக்க வேண்டி வரக் கூடாது. கேமராக்காரர் தேடுவதும் இதே மூன்றைத்தான். இங்கிலாந்தில் பில்லிங்ஹாம் என்ற நிறுவனம் 1973ல் மீன்பிடிப் பைகள் தைக்கத்தான் தொடங்கியது. சில வருஷம் கழித்து நியூயார்க்கில் அந்தப் பைகளை வாங்குகிறவர்களில் நிறையப் பேர் தூண்டில்காரர்கள் அல்ல, புகைப்படக்காரர்கள் என்று தெரியவந்தது. அதற்கப்புறம் அவர்கள் கேமராப் பைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அதே எழுபதுகளில் ஃபிலடெல்ஃபியா இன்குவயரர் பத்திரிகையின் புகைப்படக்காரர் ஜிம் டோம்கே, பெட்டி போன்ற கனத்த பைகளில் வெறுத்துப்போய்த் தனக்கென்று ஒரு துணிப் பையை வடிவமைத்தார். நம் ஊர் எழுத்தாளர்களின் ஜோல்னாப் பைக்குப் பக்கத்து வீட்டுச் சொந்தம் போலத்தான் இருக்கும் அது.

ஜோல்னாப் பையில் ஏன் கேமராவைப் போடக்கூடாது என்றால், குனிந்தால் அது முன்னால் ஊசலாடும். ஸ்லிங் பை பட்டை இறுகி உடம்போடு ஒட்டிக் கிடக்கும். சில பைகளில் இடுப்பிலிருந்து மார்புப் பட்டைக்குப் போகும் இன்னொரு மெல்லிய வார் இருக்கும். படி ஏறும்போதும் படகில் கால் வைக்கும்போதும் அதை மாட்டிக்கொண்டால் பை நகராது. பார்ப்பதற்கு வேண்டாத வால் போலத் தெரியும், வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

இனி அளவு. பெரும்பாலோர் தப்பு செய்வது இங்கேதான். ஸ்லிங் பைகளை லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். 5 லிட்டர், 6 லிட்டர், 10 லிட்டர். பத்துக்கும் ஆறுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது, பெரியதையே எடுக்கத் தோன்றும். பெரிய பை கிடைத்தால் அதை நிரப்பாமல் யாரும் விடுவதில்லை. நிரப்பிய பையை ஒரே தோள் சுமக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேனான் 1500டி கேமரா 475 கிராம். அதோடு வரும் 18-55 லென்ஸ் சுமார் 200. கோபுரச் சிற்பத்துக்கும் பறவைக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும் 55-250 எஸ்.டி.எம். லென்ஸ் 375. ஆக 1,050 கிராம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், ஒரு பேட்டரி, துடைக்கும் துணி, பையின் சொந்த எடை எல்லாம் சேர்ந்தாலும் இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். நாள் முழுக்கத் தோள் தாங்கும். இதற்கு நேர்மாறாக, நிக்கான் டி850 கேமராவும் 200-500 லென்ஸும் வைத்திருப்பவர் பாட்டைப் பாருங்கள். கேமரா மட்டும் ஒரு கிலோ, லென்ஸ் 2.3 கிலோ, நீளம் ஏறக்குறைய 27 சென்டிமீட்டர். வீராணம் ஏரிக்கரையில் இதை ஸ்லிங் பையில் தூக்கிக்கொண்டு நடப்பது தோளுக்குச் செய்கிற துரோகம். அவருக்கு இரண்டு தோளிலும் மாட்டும் பைதான் சரி. மூன்று கிலோவைத் தாண்டினால் ஸ்லிங் வேண்டாம் என்பது என் சொந்தக் கணக்கு.

எடையைப் போலவே தடிமனும் முக்கியம். இடுப்பில் குடம் சுமக்கிறவர்கள் குடத்தை உடம்போடு அணைத்துத்தான் பிடிப்பார்கள். கொஞ்சம் விலகினாலும் அதே தண்ணீர் கூடுதலாகக் கனக்கும், உடம்பு மறுபக்கம் இன்னும் சாயும். சுமை ஒன்றேதான். உடம்பின் நடுக்கோட்டிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு திருகு விசை. அதனால் குட்டையாகவும் குண்டாகவும் இருக்கும் பையைவிட நீளமாகவும் தட்டையாகவும் இருக்கும் பை மேல். பட்டையின் அகலத்தையும் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டர் பட்டைக்குப் பதில் ஐந்து சென்டிமீட்டர் பட்டை என்றால் தோளில் அழுத்தம் ஏறத்தாழப் பாதியாகும்.

லிட்டர் எண்ணை நம்பாமல் வீட்டிலேயே அளந்துகொண்டு போவது நல்லது. வழக்கமாக எந்த லென்ஸ் மாட்டியிருக்குமோ அதை மாட்டியே கேமராவைச் செய்தித்தாளில் படுக்கவைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள். 1500டியில் 55-250ஐ மாட்டினால் பின்பக்கத்திலிருந்து லென்ஸ் நுனி வரை ஏறத்தாழ 18, 19 சென்டிமீட்டர் வரும். அந்தத் தாளை வெட்டி மடித்துக் கடைக்குக் கொண்டுபோய்ப் பைக்குள் விரித்துப் பார்க்கலாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

பையை மாட்டி முன்னால் இழுத்துப் பாருங்கள். மூன்று விஷயம் அப்போதுதான் தெரியும். ஒன்று, எந்தத் தோள். பல பைகள் ஒரு பக்கத்துக்கு மட்டுமே தைக்கப்பட்டவை. உங்களுக்குப் பழகிய கைக்கு எதிராக இருந்தால் ஒவ்வொரு முறையும் கை குறுக்கே போய் மல்லுக்கட்டும். இரண்டு, மூடி எந்தப் பக்கம் திறக்கிறது. மார்புப் பக்கமாக எழுந்து நின்றால் உள்ளே இருப்பது தெரியாது. வெளிப்பக்கமாக விழ வேண்டும். மூன்று, ஒரே கையால் ஜிப் ஓடுகிறதா. இன்னொரு கையில் கேமரா இருக்குமே.

இதெல்லாம் பிச்சாவரத்தில் போய்த்தான் எனக்கு உறைத்தது. முதல் தடவை முதுகுப் பையோடு போனேன். துடுப்புப் படகு. பையைப் பலகைக்கு அடியில் காலோரமாக வைத்துவிட்டுச் சுரபுன்னை வேர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறுகலான வாய்க்காலுக்குள் போகும்போது கிளைகளுக்குத் தலை குனிய வேண்டியிருந்தது, படகு ஒரு பக்கம் சாய்ந்தது. படகின் அடியில் எப்போதும் தேங்கிக் கிடக்கும் நாலு விரற்கடை உப்புத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடியது. திரும்பி வந்து பையைத் தூக்கினால் இட்லித் துணியைப் பிழிவது போல ஒழுகியது. கேமரா மேல் அறையில் இருந்ததால் பிழைத்தது. உள்ளே வைத்துத் தைத்திருந்தது சாதாரண ஸ்பாஞ்ச், தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் ரகம். அதில் ஏறிய உப்பு கடைசிவரை போகவில்லை. செருப்பில் வரும் ஈ.வி.ஏ. ஃபோம் போல, மூடிய குமிழ்கள் கொண்ட ஃபோமாக இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. பைக்குள் அறைகளைப் பிரிக்கும் பிரிப்பானை விரலால் அழுத்தினாலே வித்தியாசம் தெரியும். ஸ்பாஞ்ச் சப்பென்று ஒட்டிப்போகும், ஃபோம் எதிர்த்து நிற்கும்.

இரண்டாவது தடவை ஸ்லிங். படகில் ஏறுமுன் உயிர்காப்புச் சட்டை மாட்டச் சொன்னார்கள். பை சட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. பட்டையை நீட்டிச் சட்டைக்கு மேலே மாட்டப் பார்த்தால் நீளம் போதவில்லை. பட்டை எவ்வளவு நீளும் என்று கடையில் யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை. சட்டைக்கு மேலேதான் மாட்ட வேண்டும், மார்பில் ஒரே அழுத்தில் கழலும் பக்கிள் இருக்க வேண்டும். தண்ணீரில் விழுந்தால் பையை விட்டுவிட்டு நாம் மேலே வர வேண்டுமே.

அப்புறம் வெல்க்ரோ. 1941ல் ஸ்விட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல், நாய் முடியிலும் தன் உடுப்பிலும் ஒட்டிய முள் விதைகளை நுண்ணோக்கியில் பார்த்துக் கொக்கியும் வளையமுமாக அதைக் கண்டுபிடித்தார். நம் வேட்டியில் நாயுருவி ஒட்டுவதும் இதே வகை வேலைதான். பைக்குள் பிரிப்பான்களை ஒட்டிவைக்க இதைவிடச் சிறந்தது கிடையாது. வெளி மூடிக்கு மட்டும் வேண்டாம். பத்தடியில் நீர்க்காகம் சிறகு விரித்து உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் ‘டர்ர்ர்’ என்று மூடியைப் பிய்க்கிறீர்கள். அதற்கப்புறம் வெறும் கிளையைத்தான் படம் எடுக்க வேண்டும்.

துணிக்கு வருவோம். 420டி, 600டி, 1000டி என்று சீட்டில் போட்டிருப்பார்கள். டி என்றால் டெனியர். பட்டு நூல் புழங்குகிறவர்களுக்குத் தெரிந்த அளவுதான். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர். 1000டி என்றால் 9 கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ கனக்கும். எண் கூடினால் நூல் தடிப்பு என்று மட்டும்தான் பொருள், உறுதி என்று பொருளில்லை. 420 நைலான் பல நேரங்களில் 600 பாலியெஸ்டரைவிட உரசலைத் தாங்கும். அதனால் எண்ணோடு சேர்த்து எந்த நூல் என்றும் கேளுங்கள். அதைவிட முக்கியமாகப் பட்டை பையோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். கட்டம் போட்டு, அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி போலத் தைத்திருந்தால் நல்லது. ஒற்றைக் கோட்டுத் தையல் என்றால், வாங்கின கையோடு செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மெழுகு நூலால் இன்னொரு ஓட்டு ஓட்டிவிடுவது மலிவான காப்பீடு.

தண்ணீர் புகாமல் தடுப்பது துணி அல்ல, அதன் உள்பக்கம் பூசிய பாலியூரித்தேன். அந்தப் பூச்சுக்குப் பகைவர் நம் கடலூர்க் காற்று. ஈரப்பதம் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கும். பள்ளிக்கூடத்தில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதுதான். சில வருஷத்தில் உள்பக்கம் பலாப் பால் பட்ட கை மாதிரி பிசுபிசுக்கத் தொடங்கும், பிறகு செதில் செதிலாக உரியும், உரிந்தது லென்ஸில் ஒட்டும். பையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பரணில் போட்டால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். காற்றாட மாட்டிவையுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஜிப்பைத் துடைத்துவிடுங்கள். உலோகப் பல் ஜிப் உப்பில் களிம்பு ஏறிச் சிக்கும். நைலான் சுருள் ஜிப்பில் ரன்னர் மட்டும்தான் உலோகம், போனால் மாற்றிக்கொள்ளலாம்.

கேமராவை அதே பைக்குள் வைத்து மாதக்கணக்கில் மூடிவைப்பதும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஈரத்தில் அடைந்து கிடந்த லென்ஸைத் தையில் எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். ஸ்லிங் பை வெளியே போக மட்டும். வீட்டில் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் போதும்.

வைகாசியில் திருவதிகைத் தேருக்கோ, ஆனியிலும் மார்கழியிலும் சிதம்பரத்துத் தேர் வீதிகளுக்கோ போகிறவர்கள் பையை முதுகில் விடவே வேண்டாம். கூட்டத்தில் முதுகில் கிடக்கும் ஜிப் உங்களுடையது அல்ல. முன்னால் இழுத்து, ஒரு கையை அதன்மேல் போட்டுக்கொண்டு நடங்கள்.

‘வாட்டர்புரூஃப்’ என்று எழுதியிருந்தால் அதையும் சோதித்துவிடலாம். பூச்சுப் போட்ட ஜிப் தூறலைத் தாங்கும். தையல் துளைகள் தாங்காது. வீட்டுக்கு வந்ததும் பைக்குள் செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, ஜிப்பை மூடி, குளியலறையில் மாட்டி, மேலிருந்து இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். ஐந்து நிமிஷம் கழித்துத் தாளை விரித்தால் எந்த மூலையில் ஈரம் என்று தெரியும். அந்த மூலையில் பேட்டரியை வைக்காதீர்கள். சில பைகளில் அடிப்பக்க அறையில் மழை உறை ஒன்று மடித்துச் சொருகியிருக்கும், உங்கள் பையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.